மதிலில் விட்ட பொட்டு

எங்கள் மதிலின் அடியில் நாலு ஓட்டைகள் இருக்கின்றன. 6 அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளை நிலமட்டத்தில் வைத்து, மேலே கல்லடுக்கிக் கட்டியவை. வீட்டுக்கு வருகிற எவரும் அதைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. "இவ்வளவு காசு கொட்டி மதில் கட்டிப்போட்டு உதென்ன ஓட்டை? வெள்ளம் ஓடவோ?" மாரியில் வெள்ளமும் ஓடும்தான். ஆனால் நான் அவற்றை விட்டது உடும்புக்கும் சாரைக்கும் கீரிக்கும் பாலாமைக்கும்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குப் பொட்டு என்றால் விளக்கம் தேவையில்லை. கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, இடையில் கிடுகோ பனையோலையோ வைத்து அடைத்த வேலியில், நாயும் கோழியும் நுழைந்து நுழைந்து உண்டாகும் வழி அது. பிள்ளைகள் பக்கத்து வளவுக்கு விளையாடப் போவதும், அம்மா கறிக் கிண்ணத்தை நீட்டுவதும் அதற்குள்ளால்தான். இரவில் அதே வழியால் மரநாய் போகும், கீரி போகும், பாம்பு போகும். வேலி போய் மதில் வந்தபோது பொட்டும் சேர்ந்து போய்விட்டது. மனிதர்களுக்குக் கேற் இருக்கிறது. மற்றவைக்கு?

இது எனக்கு முதலிலேயே தோன்றிய யோசனை இல்லை. மூன்று பிழைகள் விட்ட பிறகுதான் வந்தது. அந்தப் பிழைகளை முதலில் சொல்கிறேன்.

1990 யூனில் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது எனக்கு 14 வயது. காணி திரும்பக் கிடைத்தது 2018இல். 28 வருடம். வீடு நின்ற இடத்தில் அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். மற்றதெல்லாம் பற்றை. விளாத்தி, ஈச்சை, நாயுண்ணி, ஆளை மறைக்கும் வடலி. அம்மா பற்றைக்குள் இறங்கி நின்று "இதிலைதான் குசினி" என்று கையால் காட்டினார். எனக்கு அன்றைக்கு அந்தப் பற்றை அழிக்க வேண்டிய ஒரு பொருளாக மட்டும்தான் தெரிந்தது. அது 28 வருடம் வேறு யாருடையவோ வீடாக இருந்திருக்கிறது என்ற நினைப்பு துளியும் வரவில்லை.

மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் பிடித்தோம். காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் வளவு மொட்டையாகிவிட்டது. எல்லையைச் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டு நடுவுக்கு வரும்படி நான்தான் சொன்னேன். அதுதான் முதல் பிழை. கடைசியில் நடுவில் ஒரு புற்றும் அதைச் சுற்றி ஒரு சின்னப் பற்றையும் மிஞ்சின. வளவில் இருந்த அத்தனை உயிரும் அதற்குள் ஒதுங்கியிருந்ததை வாளி இறங்கிய பிறகுதான் கண்டோம். ஒரு முயல் பாய்ந்து ஓடியது. இரண்டு கீரிகள் ஓடின. பெரிய உடும்பு ஒன்று ஓடவில்லை, முதுகு முறிந்துவிட்டது. சரிந்த புற்று மண்ணுக்குள் வெள்ளையாக, தோல் போன்ற கோதுள்ள முட்டைகள், பாதி நசிந்து கிடந்தன. மேலே மின்கம்பியில் புலுனிக் கூட்டம் ஒன்று விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

பற்றை துப்புரவாக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பக்கத்தில் தொடங்கி, பற்றையோ பனங்கூடலோ இன்னும் மிச்சமுள்ள பக்கத்தை நோக்கி வெட்டிக்கொண்டு போங்கள். முன்னால் போகிறதுகளுக்கு ஓட ஒரு திசை இருக்க வேண்டும். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், பாதியை இன்றும் மீதியை இரண்டு நாள் கழித்தும் வெட்டுங்கள். புற்றைக் கடைசிவரை தொடாதீர்கள், முடிந்தால் தொடவே வேண்டாம். எங்கள் வளவின் வடக்கு மூலையில் இப்போது ஒரு பரப்புக்கும் குறைவான துண்டை அப்படியே விட்டிருக்கிறேன். வெட்டிப் போட்ட குவியலுக்கு நெருப்பு வைப்பதாக இருந்தால், வைக்கும் அன்றைக்குக் காலையில் தடியால் புரட்டிப் பாருங்கள். இரவு தங்க வந்தவை உள்ளே இருக்கும்.

இரண்டாவது பிழை எலி மருந்து. வெட்டி முடித்து ஒரு வருடத்துக்குள் எலி பெருத்துவிட்டது. மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்றது, தண்ணீர்க் குழாயைக் கடித்தது, கட்டித் தொங்கவிட்ட வெங்காயத்தையும் விடவில்லை. எலி பிடிக்கிறவர்களை எல்லாம் நானே துரத்திவிட்டேன் என்று அப்போது விளங்கவில்லை, மருந்து வாங்கி வைத்தேன். இரண்டு கிழமையில் பனையடியில் ஒரு சாக்குருவி, ஆந்தையில் ஒரு வகை, செத்துக் கிடந்தது. இதயம் போன்ற வெள்ளை முகம், ஒரு காயமும் இல்லை. கடையில் விற்கிற எலி மருந்துகளில் பல இரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அதைத்தான் ஆந்தையும் பாம்பும் சுலபமாகப் பிடிக்கும். மருந்தும் அவற்றின் உடம்புக்குள் போகும். அந்தப் பறவை எதனால் செத்தது என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மருந்தை வாங்கவுமில்லை.

2024 டிசம்பரில் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். வெள்ளமும் எலியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அப்போது எல்லாரும் பேசினார்கள். வளவில் ஒரு சாரை இருந்தால் எலி எவ்வளவு குறையும் என்று யாரும் பேசவில்லை. எனக்கு அது மனக்குறைதான்.

மூன்றாவது பிழை வலை. இதைத்தான் நான் அதிகம் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இரண்டாவது வீட்டுக்கு ஒரு வீடு இப்படித்தான் இருக்கிறது.

மதில் கட்டக் காசு இல்லாத காலத்தில், கோழிகளுக்காகவும் மரக்கறிப் பாத்திக்காகவும் பழைய தங்கூசி வலையை, மெல்லிய ஒற்றை இழை நைலோன் மீன்வலையை, சுற்றிக் கட்டினேன். கடலில் தடை செய்யப்பட்ட வலை, கரையில் வேலியாக நிற்கிறது. மலிவு, உக்காது, கண்ணுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததுதான் பிரச்சினை. ஒருநாள் கோடிப்புறத்தில் நாற்றம் அடித்தது. தேடிப் போனால், வலையின் அடியில் ஒரு நாகம். செத்துக் காய்ந்து, தோல் எலும்போடு ஒட்டிப்போய் இருந்தது. வலையைத் தன் உடம்பில் சுற்றிக்கொண்டே புரண்டிருக்கிறது, சுற்றிலும் மண் வட்டமாகக் கிளறுப்பட்டிருந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு வருடமும் நாகதம்பிரானுக்குப் பொங்கிப் படைக்கிறவர், நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர். கிணற்றடியில் இருந்துகொண்டு எனக்கு ஒரு வார்த்தைதான் சொன்னார்: "கோயிலிலை பால் வைக்கிறம், வளவிலை வலை வைக்கிறம்." எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த நாள் கழற்றுவோம் என்று நினைத்தேன். வேலை வந்தது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த அலட்சியத்துக்கு இரண்டாவது தடவையும் விலை கொடுக்க வந்தது ஒரு சாரை.

ஆடி மாதம், மத்தியானம் 12 மணி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெடியன் பொல்லோடு ஓடி வந்தான். "அண்ணை, பாம்பு மாட்டிக்கிடக்கு. அடிக்கட்டோ?"

"பொறு தம்பி, என்ன பாம்பெண்டு பாப்பம்."

ஆறு அடிக்குக் குறையாது. மஞ்சளும் மண்ணிறமும் கலந்த உடம்பு, வாலுக்குக் கிட்டக் கறுப்புக் கோடுகள், பெரிய உருண்டைக் கண். சாரைதான், நஞ்சில்லாதது. கழுத்துக்குக் கீழே ஒரு கண்ணி, நடு உடம்பில் இரண்டு. தங்கூசி செதிலுக்கடியில் புதைந்து, அந்த இடம் இடுப்பில் கயிறு இறுக்கியது போல ஒடுங்கியிருந்தது. வெயில் நேரே அடித்தது. வாயைத் திறந்தபடி கிடந்தது.

நான் முதலில் செய்யப் பார்த்தது வாலைப் பிடித்துப் பின்னால் இழுப்பது. அது பிழை. பாம்பின் செதில்கள் வாலை நோக்கி ஓடு அடுக்கியது போல அமைந்தவை. முன்னால் வழுக்கிக்கொண்டு போகும், பின்னால் இழுத்தால் ஒவ்வொரு செதிலும் நூலில் கொளுவி இன்னும் இறுகும். நல்லவேளை, இரண்டாவது இழுப்பிலேயே அது திரும்பி என் கையைக் கடித்தது, விட்டேன். சாரையின் கடியில் நஞ்சில்லை. ஆனால் பல் கூர். சவர்க்காரம் போட்டுக் கழுவி, பின்னேரம் போய் ஏற்பு (டெற்றனஸ்) ஊசி போட்டுக்கொண்டேன்.

பிறகு செய்தது இது. அம்மா ஒரு பழைய சாரத்தை நனைத்துத் தந்தார், அதைத் தலைக்கு மேல் போட்டோம். இருட்டானதும் சாரை அடங்கிவிட்டது. பெடியன் ஓலையைப் பிடித்து நிழல் செய்தான். சுற்றியிருந்த வலையை ஒரு முழம் தள்ளி முதலில் வெட்டி, பாம்பை வலைத் துண்டோடு வேலியிலிருந்து பிரித்து நிழலுக்குக் கொண்டுபோனோம். அதற்குப் பிறகுதான் கண்ணிகளில் கை வைத்தது. முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல், அதன் ஒரு அலகை உடம்போடு படுக்கையாக, செதில் போகிற திசையிலேயே நுழைத்து, ஒவ்வொரு நூலாக அறுத்தேன். நாற்பது நிமிடம் எடுத்தது. கடைசி நூல் அறுந்த பிறகும் விடவில்லை. தலையிலிருந்து வால்வரை விரலால் தடவிப் பார்த்தேன். இறுகிய ஒரு நூல் வளையம் மிஞ்சினாலும் போதும், இரை விழுங்கும்போதும் உடம்பு பெருக்கும்போதும் அது சதையை அறுத்துக்கொண்டே போகும். அப்படி ஒன்று மிஞ்சித்தான் இருந்தது, நடு உடம்பில், கண்ணால் பார்த்தால் தெரியாத அளவு.

சாரத்தை எடுத்தபோது அது ஓடவில்லை. நாக்கை வெளியே விட்டு விட்டு எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் அதே இடத்தில் கிடந்தது. பெடியன் பொல்லைக் கீழே போட்டுவிட்டுக் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "அண்ணை, இது நாகத்தோடை சேருமெண்டு சொல்லுறது மெய்யோ?" என்று கேட்டான். பின்னிப் பிணைந்து எழும்புகிற இரண்டும் சாரைதான், அதிலும் இரண்டும் ஆண், பெண்ணுக்காகப் பலம் பார்க்கின்றன என்று சொன்னேன். அவன் நம்பினமாதிரித் தெரியவில்லை, பரவாயில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் நாகத்திலோ புடையனிலோ (கண்ணாடி விரியன்) கை வைக்கக்கூடாது. வலையில் மாட்டியிருப்பது நஞ்சுள்ளது என்றாலும், என்ன பாம்பென்று உறுதியாகத் தெரியாவிட்டாலும், எட்ட நின்று நிழல் மட்டும் செய்துவிட்டு வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். ஆட்கள் வரும்வரை நாயையும் பிள்ளைகளையும் தள்ளி வையுங்கள்.

வலையை அன்று பின்னேரமே கழற்றினேன். கோழிக்கூட்டுக்கு இப்போது அரை அங்குலக் கண்ணுள்ள இரும்புக் கம்பிவலை, அடியில் ஒரு அடி உயரத்துக்குத் தகரம். பாம்பு தலையே நுழைக்க முடியாத கண் என்றால் மாட்டாது. மரக்கறிப் பாத்திக்கு வலை கட்டாயம் வேண்டும் என்பவர்கள், நிலத்திலிருந்து ஒரு அடி உயர்த்திக் கட்டி, கீழே ஓலை வைத்து அடையுங்கள். ஊரும் பிராணிகளுக்கு அந்த ஒரு அடிதான் உயிர். கழற்றிய பழைய வலையை மூலையில் குவித்துப் போடவும் கூடாது, குவியல் வலை இன்னும் மோசம்.

மதில் கட்டியது 2021இல். மேசனிடம் பொட்டு வைக்கச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "எங்கடை ஐயாவும் வேலி அடைக்கேக்கை ஒரு மூலையை விட்டுத்தான் அடைப்பார்" என்றார். குழாயின் உட்பக்கம் வழுக்கும் என்பதால் சீமெந்துச் சாந்து பூசி மணல் தூவச் சொன்னது அவர்தான், எனக்கு அது தோன்றவில்லை. இரண்டு பொட்டு கிழக்குப் பக்கத்துப் பனங்கூடலுக்கு, ஒன்று குளத்துப் பக்கம், ஒன்று மேற்கே வெறுங்காணிக்கு. குளத்துப் பக்கத்துப் பொட்டால்தான் மாரியில் பாலாமை வருகிறது. எங்கள் குளங்களில் இருக்கிற இந்தப் பாலாமை இலங்கையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத இனம். சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவும் ஆனது, பூநாரைக்கு அங்கே ஒரு இடம் இருக்கிறது. வளவோடு வாழ்கிற பாலாமைக்கும் உடும்புக்கும் நாங்கள் விட்டால்தான் இடம்.

உடும்பைப் பற்றியும் ஒன்று. ஊரில் இன்னும் அதை அடித்துக் கறி வைக்கிறார்கள், மருந்து என்கிறார்கள். சட்டப்படி குற்றம். 1937ஆம் ஆண்டு முதலே நாட்டில் வனஜீவராசிகளுக்கென்று சட்டம் இருக்கிறது. நான் சொல்லிப் பார்த்ததில் சட்டத்தைவிட வேறொன்று எடுபட்டது: உடும்பு பாம்பு முட்டையையும் தேடித் தின்னும். பாம்புக்குப் பயந்தவர்கள் இதைக் கேட்டபின் உடும்பைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறார்கள்.

"பொட்டால் புடையனும் வராதோ?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வரும். கேற்றின் கீழாலும் வரும், மதில் இருந்தாலும் வரும். வளவுக்குள் வருவதைத் தடுக்க முடியாது, வீட்டுக்குள் வருவதைத் தடுக்கலாம். கதவின் அடிக்கு ரப்பர் பட்டி போட்டோம். விறகையும் ஓட்டுக் குவியலையும் சுவரிலிருந்து பத்து அடி தள்ளி, கல்லின் மேல் அடுக்கினோம். வீட்டைச் சுற்றி ஒரு பாகத்துக்கு, ஒரு ஆள் கை விரித்த அகலத்துக்கு, புல் இல்லாமல் கூட்டி வைக்கிறோம். இரவில் முற்றத்துக்கு இறங்கினால் டோர்ச்சும் செருப்பும் கட்டாயம். விறாந்தையில் பாய் விரித்துப் படுக்கும் அம்மாவுக்கு நுளம்பு வலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுகிறேன். கட்டுவிரியன் இரவில்தான் திரியும், நிலத்தில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, கடித்த அடையாளமும் சில வேளை தெரியாது. விடிய எழும்பும்போது வயிற்று வலி, இமை சொருகுதல் என்று காட்டும். அப்படி இருந்தால் பாம்பைக் கண்டீர்களா என்று யோசித்துக்கொண்டு இருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இலங்கையில் 2012-13இல் நாடு முழுவதும் வீடுவீடாகக் கேட்டு எடுத்த கணக்கின்படி வருடத்துக்கு ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, நஞ்சேறுவது 30,000 பேருக்கு, 400 பேர் சாகிறார்கள். இது சின்ன விஷயம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பக்கத்து வளவு அண்ணையைச் சுருட்டை விரியன் கடித்த அன்று கூட இருந்தவன் நான். விழுந்து கிடந்த காவோலையைத் தூக்கியிருக்கிறார், அடியில் ஒன்றரைச் சாண் நீளத்தில் சுருண்டு கிடந்திருக்கிறது. சூடான தாச்சியில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம், அது செதிலைச் செதிலோடு உரசி எழுப்புகிற எச்சரிக்கை. விளங்குவதற்குள் விரலில் கொத்திவிட்டது.

மோதிரத்தையும் மணிக்கூட்டையும் உடனே கழற்றினோம், வீங்கினால் பிறகு கழற்ற முடியாது. கையை அசையாமல் வைத்து ஆளை இருத்தினோம். கயிறு கட்டவில்லை, கீறவில்லை, உறிஞ்சவில்லை. 1990க்கு அழைத்தோம், இலவச அம்புலன்ஸ். விசகடி வைத்தியரிடம் ஒருக்கால் காட்டிவிட்டுப் போவோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அந்தப் பரம்பரை அறிவில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் நேரம் போகக்கூடாது என்று மறுத்துவிட்டேன். இன்னொருவர் பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டும் என்று நின்றார். அதுவும் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள், மற்ற அறிகுறிகளையும் பார்த்து முடிவெடுப்பார்கள். அங்கே கொடுக்கிற நஞ்சு முறிப்பு மருந்து நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை நாலுக்கும் சேர்த்துச் செய்த ஒன்றுதான். பாம்பை அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்கக்கூடும். எட்ட நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். அண்ணை மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். இப்போது காவோலையைக் கொக்கத்தடியால் இழுத்துப் புரட்டிய பிறகுதான் தூக்குகிறார்.

அடித்துக் கொன்றபின் என்னிடம் கொண்டுவந்து காட்டிய "புடையன்"களில் பாதிக்கு மேல் மண்ணுளிப் பாம்புகள். நஞ்சே இல்லாத, மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற சாதுவான பிராணி, நாட்டில் எங்களைப் போன்ற வறண்ட பகுதிகளில்தான் இருக்கிறது. முத்திரைப் புடையனின் முதுகில் முத்திரை குத்தியது போல நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாக, ஒழுங்காக ஓடும். வால் மெலிந்து முடியும். மண்ணுளிக்குத் திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று கலந்திருக்கும், வால் சட்டென்று கட்டையாக முடியும், கண் மிகச் சிறிது. ஆனால் அடிக்கும் அவசரத்தில் இதெல்லாம் பார்க்க முடியாது. அதனால்தான் பின்னுக்கு நில்லுங்கள் என்கிறேன். பின்னுக்கு நின்றால் அது தானாகப் போய்விடும்.

கிணற்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கைவிட்ட தோட்டக் கிணறுகள் நிறைய, கட்டு இடிந்து நிலத்தோடு நிலமாகக் கிடக்கின்றன. உடும்பு, கீரி, முயல், பாம்பு எல்லாம் விழும், வழுக்குச் சுவரில் ஏற முடியாமல் நீந்தி நீந்திக் களைத்துத் தாழும். மொத்தத் தும்புக் கயிற்றில் இரண்டு அடிக்கு ஒன்றாகக் கருக்குச் சீவிய பனை மட்டையைக் குறுக்காகக் கட்டி, நுனி தண்ணீருக்குள் இருக்கும்படி மரத்திலிருந்து தொங்கவிட்டோம். ஒரு பின்னேர வேலை. மூன்றாம் நாள் மேல் மட்டையில் ஈர நகக் கீறல் இருந்தது.

பொட்டுகளில் கிழக்கே உள்ள இரண்டும் ஓயாமல் பாவனையில் உள்ளன. காலையில் வாயடி மணலில் வால் இழுத்த கோடு இருக்கும், இரண்டு பக்கமும் விரல் அடையாளத்தோடு. அது உடும்பு. கோடு மட்டும் வளைந்து வளைந்து போனால் பாம்பு. அம்மா வாசல் கூட்டும்போது அந்த இடத்தைக் கூட்டுவதில்லை, நான் பார்த்த பிறகுதான் கூட்டுவார்.

மேற்கே வெறுங்காணிக்காரர் கனடாவில் இருக்கிறார். போன மாதம் மதில் கட்ட ஆள் பிடித்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் பயந்துபோனேன், எங்கள் நாலாவது பொட்டுக்கு எதிரே சுவர் எழுந்தால் அது செத்த வழி. அழைத்துப் பேசினேன். சின்ன வயதில் அந்தப் பக்கத்து வேலிப் பொட்டால் எங்கள் மாங்காய்க்கு வந்தவர்தான். அவர் நெடுநேரம் சிரித்தார், பிறகு மேசனின் இலக்கத்தைத் தந்து, அளவை நேரே அவருக்கே சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்: 6 அங்குலம், நிலமட்டம், உள்ளே சாந்து பூசி மணல் தூவ வேண்டும்.